ஜூடி ஹாலிடே: அசட்டுப்பெண் வேடமும் அதன் விலையும்

ஜூடி ஹாலிடே (ஜூன் 21, 1921 - ஜூன் 7, 1965) அமெரிக்க நாடக, திரைப்பட நடிகை. நகைச்சுவை வேடங்களுக்காக அறியப்பட்டவர். 'பார்ன் யெஸ்டர்டே' (1950) படத்தில் பில்லி டான் என்ற வேடத்தில் நடித்ததற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' இசை நாடகத்துக்காக டோனி விருது பெற்றார். ஹாலிவுட் 1950களில் பெரிதும் விரும்பிய 'அழகான அசட்டுப்பெண்' வார்ப்பில் நடித்து, அந்த வார்ப்பை உள்ளிருந்தே மாற்றியவர் என மதிப்பிடப்படுகிறார்.

பிறப்பு, இளமை

ஜூடி ஹாலிடேயின் இயற்பெயர் ஜூடித் டுவிம். நியூயார்க்கில் யூதக் குடும்பம் ஒன்றில் ஏப் டுவிம், ஹெலன் இணையருக்கு ஒரே மகளாகப் பிறந்தார். தந்தை யூத, சோஷலிச அமைப்புகளுக்கு நிதி திரட்டும் பணியில் இருந்தவர். தாய் பியானோ ஆசிரியை. சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். ஜூடி தாயுடன் குவீன்ஸ் பகுதியிலுள்ள சன்னிசைடில் வளர்ந்தார். மன்ஹாட்டனின் ஜூலியா ரிச்மன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். நிறைய வாசிக்கும் பழக்கம் கொண்டவர். சிறுவயதில் எடுத்த அறிவுத்திறன் தேர்வில் 172 புள்ளிகள் பெற்றார் என்பது அவரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி.

பள்ளிப்படிப்பை முடித்தபின் ஆர்சன் வெல்ஸ், ஜான் ஹவுஸ்மன் ஆகியோர் நடத்திய மெர்குரி தியேட்டரில் தொலைபேசி இணைப்பகத்தில் உதவியாளராக வேலை செய்தார். நாடகம் எழுதவும் இயக்கவும் வேண்டும் என்பதே அப்போது அவருடைய விருப்பமாக இருந்தது. நடிகையாகும் எண்ணம் பின்னரே உருவானது.

ரெவ்யூயர்ஸ் குழு

1938-ல் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன், ஆல்வின் ஹாமர், ஜான் ஃபிராங்க் ஆகியோருடன் இணைந்து ஜூடி 'ரெவ்யூயர்ஸ்' என்ற நகைச்சுவைக் குழுவில் பங்கேற்றார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் மாக்ஸ் கார்டன் நடத்திய 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற சிறிய இரவு விடுதியில் இக்குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. பிறர் எழுதியவற்றுக்கு உரிமைத்தொகை கொடுக்கக் கையில் பணமில்லாததால் பாடல்களையும் நகைச்சுவைக் காட்சிகளையும் தாங்களே எழுதிக்கொண்டனர். நாளிதழ்ச் செய்திகள், ஹாலிவுட் படங்கள், பிராட்வே நாடகங்கள் எல்லாம் அவர்களின் கேலிக்கு உள்ளாயின. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் சிலசமயம் அவர்களுக்குப் பியானோ வாசித்திருக்கிறார்.

ஜூடியின் நடிப்பைப் புரிந்துகொள்ள இந்தத் தொடக்கம் முக்கியமானது. அவர் அழகிப் போட்டியிலிருந்தோ நடன வரிசையிலிருந்தோ வந்தவரல்ல, எழுத்தாளர்கள் நிறைந்த அங்கதக் குழுவிலிருந்து வந்தவர். ஒரு மனிதவகையைக் கூர்ந்து பார்த்து, அதன் பேச்சையும் நடையையும் பிடித்து, அதைப் பற்றிய விமர்சனத்தையும் சேர்த்தே நடித்துக்காட்டும் பயிற்சி அவருக்கு 17 வயதிலேயே தொடங்கிவிட்டது.

1944-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'கிரீனிச் வில்லேஜ்' படத்தில் இக்குழு நடித்தது. அவர்களின் காட்சிகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. ஜூடி மட்டும் அந்நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் நீடித்து, ஜார்ஜ் கியூகர் இயக்கிய 'விங்டு விக்டரி' (1944) உள்ளிட்ட படங்களில் சிறுவேடங்களில் தோன்றினார். திரைக்காக ஹாலிடே என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டதும் இக்காலத்தில்தான். டுவிம் என்பதோடு ஒலித்தொடர்புள்ள ஹீப்ரு தொடர் பண்டிகை நாட்களைக் குறிப்பது. அதன் ஆங்கில வடிவமே ஹாலிடே. ஒப்பந்தம் முடிந்தபின் அவர் நியூயார்க் திரும்பினார். 1945-ல் 'கிஸ் தெம் ஃபார் மீ' நாடகத்தில் நடித்து, வளரும் நடிகர்களுக்கான கிளாரன்ஸ் டெர்வென்ட் விருதைப் பெற்றார்.

பில்லி டான்

கார்சன் கானின் எழுதி இயக்கிய 'பார்ன் யெஸ்டர்டே' நாடகம் பிப்ரவரி 4, 1946 அன்று பிராட்வேயில் அரங்கேறியது. பில்லி டான் வேடம் முதலில் ஜீன் ஆர்தருக்கு உரியதாக இருந்தது. முன்னோட்டக் காட்சிகளின் காலத்தில் அவர் விலகினார். அவருடைய இடத்துக்கு அதிகம் அறியப்படாத ஜூடி அழைக்கப்பட்டார். 3 நாட்களில் முழு வேடத்தையும் கற்றுக்கொண்டு மேடையேறினார். நாடகம் 1,642 முறை நிகழ்த்தப்பட்டது.

நாடகத்தின் கதை எளியது. ஹாரி பிராக் பழைய இரும்பு வணிகத்தில் பெரும்பணம் சேர்த்த முரடன். தன் தொழிலுக்குச் சாதகமாகச் சட்டத்தை வளைப்பதற்காக ஓர் அரசியல்வாதியை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். தன் காதலி பில்லி டானையும் உடன் அழைத்து வருகிறான். அவள் முன்னாள் நடனக்காரி. வாஷிங்டன் வட்டாரத்தில் அவளால் தனக்கு அவமானம் நேரக்கூடாது என்று எண்ணி, அவளுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்கப் பால் வெரால் என்ற பத்திரிகையாளனை அமர்த்துகிறான். பில்லி வாசிக்கத் தொடங்குகிறாள். நினைவுச்சின்னங்களையும் நூலகத்தையும் சுற்றிப் பார்க்கிறாள். தெரியாத சொல்லுக்கு அகராதி தேடுகிறாள். பிராக்கின் நிறுவனங்கள் பல காகிதத்தில் தன் பெயரில் இருப்பதையும், இத்தனை காலம் தான் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு வந்ததையும் கண்டுகொள்கிறாள். அடுத்த முறை பிராக் காகிதத்தை நீட்டும்போது கையெழுத்திட மறுக்கிறாள். அவன் அறைந்து பணியவைக்கிறான். அவள் அவனைவிட்டு வெளியேறுகிறாள்.

கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன் இந்த நாடகத்தின் திரைப்பட உரிமையைப் பெரும் தொகை கொடுத்து வாங்கினார். ஆனால் ஜூடியை நடிக்கவைக்க அவர் விரும்பவில்லை. அவருடைய உடல்வாகு திரைக் கதாநாயகிக்குப் பொருந்தாது என்பது கோனின் எண்ணம். கார்சன் கானின், ரூத் கார்டன் இணையர் எழுதி, ஜார்ஜ் கியூகர் இயக்கிய 'ஆடம்ஸ் ரிப்' (1949) அந்த எண்ணத்தை மாற்றியது. ஸ்பென்சர் டிரேசியும் காதரின் ஹெப்பர்னும் வழக்கறிஞர்களான கணவன் மனைவியாக நடித்த படம் அது. தன்னை ஏமாற்றும் கணவனைச் சுட்டுக் காயப்படுத்திய டோரிஸ் ஆட்டிங்கர் என்ற இல்லத்தரசியாக ஜூடி நடித்தார். ஜூடியின் திறமையை ஹாலிவுட்டுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் கானின், கியூகர், ஹெப்பர்ன் மூவருக்கும் இருந்தது.

அப்படத்தில் சிறையில் டோரிஸைக் காண ஹெப்பர்ன் வரும் காட்சி வெட்டில்லாமல் நீண்டு செல்கிறது. காமிரா அசைவதில்லை. ஜூடியின் முகம் பார்வையாளரை நோக்கி இருக்கிறது, நட்சத்திரமான ஹெப்பர்ன் விலகி இடம் கொடுத்து அமர்ந்திருக்கிறார். கணவனைச் சுட்ட பின் எப்படி இருந்தது என்று கேட்டால், பசித்தது என்கிறாள் டோரிஸ். அரங்கு சிரிக்கும். ஆனால் ஜூடி அந்தப் பதிலைச் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. கேள்வியைக் கேட்டு, தனக்குள் போய்த் தேடி, அங்கே உண்மையில் என்ன இருந்ததோ அதை எடுத்துவந்து வைக்கிறார். அதனால் சிரித்து முடித்தபின் அந்தப் பெண்ணின் மீது இரக்கம் எஞ்சுகிறது.

கியூகர் இயக்கத்தில் 'பார்ன் யெஸ்டர்டே' 1950 இறுதியில் வெளிவந்தது. பிராக்காக ப்ரோடெரிக் கிராஃபோர்டும், வெராலாக வில்லியம் ஹோல்டனும் நடித்தனர். மார்ச் 29, 1951 அன்று நடந்த ஆஸ்கார் விழாவில் ஜூடி சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். 'ஆல் அபவுட் ஈவ்' படத்துக்காக பெட்டி டேவிஸ், ஆன் பாக்ஸ்டர், 'சன்செட் பொலிவார்ட்' படத்துக்காக குளோரியா ஸ்வான்சன், 'கேஜ்டு' படத்துக்காக எலனோர் பார்க்கர் ஆகியோர் அவ்வாண்டு போட்டியில் இருந்தனர். பெட்டி டேவிஸின் வாக்குகளை ஆன் பாக்ஸ்டர் பிரித்துவிட்டதால்தான் ஜூடி வென்றார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. பில்லி டானை மீண்டும் பார்க்கும் ஒருவருக்கு அந்த விளக்கம் தேவைப்படாது.

நடிப்புமுறை

'பார்ன் யெஸ்டர்டே' படத்தில் பில்லியும் பிராக்கும் சீட்டாடும் காட்சி ஜூடியின் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ வசனமே இல்லாத காட்சி. பில்லி சீட்டுகளை எடுத்து, மின்னல் வேகத்தில் அடுக்கி, ஒன்றை மாற்றி வைத்து, வாய்க்குள் பாட்டை முனகிக்கொண்டே ஆடுகிறாள். எதிரே பிராக் கணக்குப் போட்டுப் போட்டுத் தடுமாறுகிறான். அவள் மறுபடியும் மறுபடியும் வெல்கிறாள். கல்வி தொடங்குவதற்கு முன்பே, அவளை முட்டாள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போதே, இக்காட்சி வந்துவிடுகிறது. அவளுக்கு மூளை இருக்கிறது, அதைப் பயன்படுத்த வாய்ப்பு அமைந்த ஒரே இடம் சீட்டாட்டம்தான் என்பதை ஜூடியின் விரல்களே சொல்லிவிடுகின்றன. இதனால் பின்னால் நிகழும் மாற்றம் ஆண் ஒருவன் செய்த அற்புதமாகத் தெரிவதில்லை. ஏற்கனவே இருந்த அறிவு வேறொரு திசைக்குத் திரும்புவதாகத் தெரிகிறது.

இது முக்கியமான வேறுபாடு. படிக்காத பெண்ணை ஆண் ஒருவன் செதுக்கி உருவாக்கும் கதை பழையது. கானினின் நாடகமும் அமைப்பளவில் அந்த வகையைச் சேர்ந்ததே. வெரால் பல இடங்களில் பாடப்புத்தகம்போலப் பேசுகிறான். ஜனநாயகம் பற்றிய வசனங்கள் இன்று சற்று உரத்து ஒலிக்கின்றன. படத்தை அந்தப் பாடத்திலிருந்து காப்பாற்றுவது, கற்பவளை ஆசிரியனைவிடச் சுவாரசியமானவளாக ஆக்கிய ஜூடியின் நடிப்பு. புதிய சொல் ஒன்றைக் கேட்டதும் அவர் முகத்தில் முதலில் சந்தேகம் வருகிறது. பிறகு அச்சொல்லை உதட்டில் வைத்துப் பார்க்கிறார். பிறகு தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றோடு அதைப் பொருத்துகிறார். அந்தப் பொருத்தம் பெரும்பாலும் எதிர்பாராததாகவும் ஒருவகையில் சரியானதாகவும் இருக்கும். சிரிப்பு அங்கே பிறக்கிறது.

அக்காலத்தின் பிற நகைச்சுவை நடிகைகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கிரேசி ஆலனின் அசட்டுத்தனம் தனக்கென ஒரு தர்க்கம் கொண்ட தனி உலகம். அதற்குள் வெளியுலகம் நுழைய முடியாது, அதனால் அது மாறுவதும் இல்லை. 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்' (1953) படத்தில் மர்லின் மன்றோவின் லாரலை லீ தன் அசட்டுத்தனத்தை ஒரு கருவியாகத் தெரிந்தே பயன்படுத்துகிறாள். ஜூடியின் பெண்கள் இந்த இரண்டும் அல்ல. அவர்களிடம் தந்திரம் இல்லை, தேக்கமும் இல்லை. அவர்கள் மெதுவாக, எல்லோர் கண்முன்னும் யோசிப்பவர்கள். மனம் ஒன்று வேலை செய்வதைப் பார்ப்பதே நகைச்சுவை ஆகமுடியும் என்பது ஜூடி கண்டடைந்தது.

அவருடைய குரலும் அத்தகையதே. பில்லியின் கீச்சுக்குரல் புகழ்பெற்றது. பில்லி வாசிக்க வாசிக்க அக்குரலின் உரப்பு குறைகிறது, ஆனால் முற்றிலும் மறைவதில்லை. கல்வி பெற்றதும் உயர்குடிப் பெண்போலப் பேசத் தொடங்கியிருந்தால் வேடம் பொய்யாகியிருக்கும். பில்லி தன் குரலிலேயே அறிவுள்ளவள் ஆகிறாள்.

செனட் குழு விசாரணை

பில்லி டானுக்கான பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஜூடியின் வாழ்க்கையில் நெருக்கடி தொடங்கியது. 1950 ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்ற வெளியீடு, வானொலி, தொலைக்காட்சித் துறைகளில் கம்யூனிஸ்டுச் சார்புடையவர்கள் என்று 151 பேரின் பெயர்களை வெளியிட்டது. அதில் ஜூடியின் பெயரும் இருந்தது. உலக அமைதி, குடியுரிமை தொடர்பான அமைப்புகளுக்கு ஆதரவளித்ததும், அறிக்கைகளில் கையெழுத்திட்டதும் அவர் செய்த குற்றங்களாகச் சொல்லப்பட்டன. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி விசாரித்தது. அவர் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினராக இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மார்ச் 26, 1952 அன்று, செனட்டர் பாட் மக்காரன் தலைமையிலான உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழுவின் முன் ஜூடி சாட்சியம் அளித்தார். மூடிய அறையில் நடந்த விசாரணை அது. சாட்சியம் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அத்தகைய விசாரணைகளில் சாட்சிகளிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றுதான். தன் நண்பர்களின் பெயர்களைச் சொல்லவேண்டும். சொன்னால் வேலை தொடரும். பதில் சொல்ல மறுத்தால் வேலை போகும், சிறைக்கும் போக நேரலாம். 1951-ல் கொலம்பியாவின் நட்சத்திரமான லாரி பார்க்ஸ் பெயர்களைச் சொல்லும்படி நெருக்கப்பட்டார், அவருடைய திரைவாழ்க்கை சரிந்தது. ஜூடி சாட்சியம் அளித்த இரு வாரங்களுக்குப்பின், ஏப்ரல் 10 அன்று, பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் இயக்குநர் எலியா கசான் தன் பழைய தோழர்கள் எண்மரின் பெயர்களைச் சொன்னார்.

ஜூடி மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். பேச மறுக்கவில்லை, பெயர்களையும் சொல்லவில்லை. தான் விவரம் புரியாமல், நன்றாகப் படித்துப் பார்க்காமல், நல்ல காரியம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்ட அசட்டுப்பெண் என்ற தோற்றத்தைக் குழுவின் முன் வைத்தார். பில்லி டானின் சாயல் அதில் இருந்தது. பழைய ரெவ்யூயர்ஸ் தோழர்களான பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் ஆகியோரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் உறுதியாக அவர்கள் பக்கம் நின்றார். செனட்டர்கள் தாங்கள் திரையில் பார்த்த பெண்ணே எதிரில் அமர்ந்திருப்பதாக நம்பினார்கள், அல்லது நம்பிவிட்டுப் போவது எளிது என்று நினைத்தார்கள். யாருடைய பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இந்த நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது: புத்திசாலி நடிகை அசடுபோல நடித்து அதிகாரிகளை ஏமாற்றினார் என்று. ஆனால் அதைப் படத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்போது அதன் கசப்பு புலப்படுகிறது. பில்லி டானின் கதை, படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு பெண், படித்துப் பார்த்துக் கையெழுத்திட மறுக்கும் பெண்ணாக வளர்வது. அந்த வளர்ச்சி நிகழும் இடம் வாஷிங்டன். அதே வாஷிங்டனில், அந்த வேடத்துக்காக உயரிய விருது பெற்ற ஓராண்டுக்குப் பின், ஜூடி எதிர்த்திசையில் நடக்கவேண்டியிருந்தது. நிறையப் படித்த, தான் எதை ஆதரிக்கிறோம் என்று அறிந்த ஒரு பெண், தான் படிக்காமல் கையெழுத்திட்டவள் என்று சொல்லவேண்டியிருந்தது. திரையில் பில்லி தன் கண்ணியத்தைக் காத்துக்கொள்ள அறிவைத் தேடினாள். ஜூடி தன் கண்ணியத்தைக் காத்துக்கொள்ள அறிவை மறைத்தார். மறைத்ததற்குக் காரணம் பிறரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்பதால் அது இழிவல்ல. ஆனால் அதற்காக அவர் தன் கருத்துகள் தன்னுடையவையே அல்ல என்பதுபோலப் பேசவேண்டியிருந்தது. அது சிறிய விலை அல்ல.

விசாரணைக்குப் பின்னும் தொலைக்காட்சி, வானொலித் துறைகள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவருக்குக் கதவடைத்தன. திரைப்பட வாய்ப்புகள் தொடர்ந்தன.

தொடர்ந்த படங்கள்

விசாரணை நடந்த அதே மார்ச் மாதத்தில் 'தி மாரியிங் கைண்ட்' (1952) வெளிவந்தது. கியூகர் இயக்கம், கானின் - கார்டன் திரைக்கதை. விவாகரத்து கேட்டு வந்த புளாரன்ஸ், செட் இணையரிடம் பெண் நீதிபதி அவர்களின் மணவாழ்வைச் சொல்லும்படி கேட்கிறார். அவர்கள் சொல்வதும் திரையில் நாம் பார்ப்பதும் பல இடங்களில் முரண்படுகின்றன. படத்தின் முற்பகுதி நடுத்தரக் குடும்பத்தின் பணக்கவலைகளைப் பற்றிய நகைச்சுவை. விடுமுறை நாள் ஒன்றில் குடும்பம் வெளியே உணவருந்தச் செல்கிறது. புளாரன்ஸ் யூகலேலியை மீட்டிப் பாடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் மகன் நீரில் மூழ்கி இறந்துவிடுகிறான். பாடல் முறிந்து அலறல் எழுகிறது. காட்சி நிகழ்காலத்துக்குத் திரும்பி, நீதிபதியின் அறையில் அவள் உடைந்து அழுவதைக் காட்டுகிறது. இந்தத் திருப்பத்தைத் தாங்கக்கூடிய நகைச்சுவை நடிகைகள் அன்று மிகச்சிலரே. சிரிக்கவைத்த அதே முகம், அதே குரல், எந்த ஆயத்தமும் இல்லாமல் துயரத்துக்குள் விழுகிறது. ஜூடியின் மிகச்சிறந்த நடிப்பு இதுவே என்று வாதிட இடமுண்டு.

கானின் எழுத, கியூகர் இயக்கிய 'இட் ஷுட் ஹாப்பன் டு யூ' (1954) படத்தில் வேலை இழந்த கிளாடிஸ் குளோவர் தன் சேமிப்பைச் செலவழித்து நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் விளம்பரப் பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் தன் பெயரை மட்டும் எழுதிவைக்கிறாள். அந்தப் பலகையாலேயே புகழ்பெறுகிறாள். எதற்காகப் புகழ் என்று யாரும் கேட்பதில்லை. ஜாக் லெமன் அறிமுகமான முதல் முழுநீளத் திரைப்படம் இது. புகழுக்காகவே புகழ் என்பது அன்றாடமாகிவிட்ட இன்றைய சூழலில் இப்படம் வெளிவந்த காலத்தைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. கிளாடிஸை ஜூடி கேலிப்பொருளாக்கவில்லை. பெயரைப் பெரிதாகப் பார்க்கும் ஆசை எவ்வளவு எளியது, எவ்வளவு மனிதத்தன்மை கொண்டது என்பதை அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்க்கும் அவர் முகம் காட்டுகிறது.

ரிச்சர்ட் குவைன் இயக்கிய 'தி சாலிட் கோல்ட் காடிலாக்' (1956) பில்லி டானின் தொடர்ச்சி எனத்தக்கது. 10 பங்குகள் மட்டும் வைத்திருக்கும் லாரா பார்ட்ரிட்ஜ் பெருநிறுவனம் ஒன்றின் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து, தலைவருக்கு இவ்வளவு சம்பளம் எதற்கு என்று கேட்கிறாள். அவளைச் சமாளிக்க இயக்குநர்கள் சிறுபங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதும் ஒப்புக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள். அவள் அந்த வேலையை உண்மையிலேயே செய்கிறாள். அந்தக் கடிதங்களுக்குப் பதிலாக வந்த வாக்குரிமைத் தாள்களே கடைசியில் இயக்குநர் குழுவைக் கவிழ்க்கின்றன. மேடையில் முதிய பெண்ணுக்காக எழுதப்பட்ட வேடம் ஜூடிக்காக இளமையாக்கப்பட்டது. படம் பில்லி டானின் கதை அளவுக்குக் கூர்மை கொண்டதல்ல. ஆனால் பெரியவர்கள் நீட்டும் காகிதத்தைச் சாதாரணப் பெண் ஒருத்தி உண்மையிலேயே வாசித்துவிட்டால் என்ன ஆகும் என்ற அதே கேள்வி இதிலும் இருக்கிறது.

'ஃபிஃப்ட்' (1954), 'ஃபுல் ஆஃப் லைஃப்' (1956) இரண்டும் எளிய பொழுதுபோக்குப் படங்கள். ஜூடியின் குரலையும் திகைப்பையும் பழகிய உத்திகளாகப் பயன்படுத்துவதற்கு மேல் அவை செல்லவில்லை.

பெல்ஸ் ஆர் ரிங்கிங்

நவம்பர் 29, 1956 அன்று 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' இசை நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் எழுதிய நாடகத்துக்கு ஜூல் ஸ்டைன் இசையமைத்தார். ஜெரோம் ராபின்ஸ் இயக்கினார். செனட் குழுவின் முன் தங்களைக் கைவிடாத தோழிக்கு அந்த எழுத்தாளர்கள் அளித்த வேடமாக இன்று இதைப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. எல்லா பீட்டர்சன் தொலைபேசிச் செய்திகளை வாங்கிச் சொல்லும் நிறுவனத்தில் வேலை செய்பவள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு குரலில் பேசுகிறாள். ஒருவருக்கு அவள் தாய். யாருக்கும் அவளுடைய சொந்தக் குரல் தெரியாது. அந்த நிறுவனத்தைச் சந்தேகித்துக் காவல்துறையும் அவளைப் பின்தொடர்கிறது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலையைத் தொடங்கி, ஒரே குரலால் அறியப்பட்டு, சந்தேகத்தின் பேரில் கண்காணிக்கப்பட்ட நடிகைக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் அமைவது கடினம்.

நாடகம் 924 முறை நிகழ்ந்தது. 1957-ல் 'மை ஃபேர் லேடி' நாடகத்தின் ஜூலி ஆண்ட்ரூஸும் போட்டியில் இருந்தபோது, இசை நாடகத்தின் சிறந்த நடிகைக்கான டோனி விருதை ஜூடி பெற்றார். 1960-ல் வின்சென்ட் மினெலி இயக்கத்தில் இது படமானது. டீன் மார்ட்டின் உடன் நடித்தார். ஜூடியின் கடைசிப் படம் அதுவே.

தனிவாழ்க்கை

ஜூடி 1948-ல் கிளாரினெட் கலைஞர் டேவிட் ஓப்பன்ஹைமை மணந்தார். 1952 நவம்பரில் மகன் ஜொனாதன் பிறந்தார். 1950களின் பிற்பகுதியில் அந்த மணவாழ்வு முறிந்தது. ஜொனாதன் பின்னாளில் 'பாரிஸ் இஸ் பர்னிங்' (1990) உள்ளிட்ட ஆவணப்படங்களின் படத்தொகுப்பாளராக அறியப்பட்டார்.

இறுதி ஆண்டுகளில் ஜாஸ் கலைஞர் ஜெரி மல்லிகன் ஜூடியின் துணைவராக இருந்தார். 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' படத்தில் மல்லிகன் ஒரு சிறு வேடத்தில் தோன்றுகிறார். மல்லிகனின் இசைக்கு ஜூடி பாடல்கள் எழுதினார். இருவரும் சேர்ந்து 1961-ல் பதிவுசெய்த பாடல்கள் 1980-ல்தான் வெளியாயின. எழுத்தாளராகவேண்டும் என்ற இளமைக்கால விருப்பம் அந்தப் பாடல்களில் ஓரளவு நிறைவேறியது. அவற்றில் ஒலிப்பது பில்லியின் கீச்சுக்குரல் அல்ல, தணிந்த, சற்றுத் தயங்கும் குரல்.

1960-ல் நடிகை லாரெட் டெய்லரின் வாழ்க்கையைக் கூறும் 'லாரெட்' நாடகத்தில் நடிக்க ஜூடி முன்வந்தார். நகைச்சுவை வார்ப்பிலிருந்து விலகும் முயற்சி அது. முன்னோட்டக் காட்சிகளின்போதே அவர் நோயுற்றார். நாடகம் பிராட்வேக்கு வராமலேயே நின்றது. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைசிகிச்சை செய்துகொண்டார். 1963-ல் 'ஹாட் ஸ்பாட்' இசை நாடகத்தில் மீண்டும் மேடையேறினார். அது 43 காட்சிகளோடு முடிந்தது.

மறைவு

ஜூடி ஹாலிடே ஜூன் 7, 1965 அன்று நியூயார்க்கில் புற்றுநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43.

கலையுலகில் இடம்

ஜூடி ஹாலிடே முதன்மை வேடத்தில் நடித்த படங்கள் 7 மட்டுமே. அவற்றிலும் அவருடைய முழு ஆற்றலைக் கோரியவை மூன்றோ நான்கோதான். கானின், கியூகர் கூட்டணியைவிட்டு விலகியபின் வந்த பெரும்பாலான படங்கள் அவரிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. புகழ்பெற்ற குரலும் திகைப்பும் ஹாலிவுட்டுக்குப் போதுமானவையாக இருந்தன. அவர் எழுதுவார், அங்கதம் அறிந்தவர், துயரத்தையும் நடிக்கக்கூடியவர் என்பவை பொருட்படுத்தப்படவில்லை.

அவரைப் பற்றி எழுதும்போது 172 என்ற எண்ணைச் சொல்லி, 'நிஜத்தில் இவர் எவ்வளவு புத்திசாலி தெரியுமா' என்று வியப்பது வழக்கம். அந்த வியப்பில் ஒரு பிழை உள்ளது. நடிகை புத்திசாலி, வேடம் அசடு என்று இரண்டையும் அது பிரித்துவிடுகிறது. ஜூடியின் சாதனை அந்தப் பிரிவினையை ஏற்காததில் இருக்கிறது. டோரிஸ், பில்லி, கிளாடிஸ், லாரா, எல்லா ஆகிய பெண்கள் அறிவற்றவர்கள் அல்லர். யாரும் அறிவை எதிர்பார்க்காத இடத்தில் வாழ நேர்ந்தவர்கள். அவர்களின் முகத்தில் ஓர் எண்ணம் தோன்றி, தயங்கி, தெளிவதை அவர் பொறுமையாகக் காட்டினார். முட்டாள் என்று பெயரிடப்பட்ட ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளர், சற்று நேரத்தில் அவருடன் சேர்ந்து யோசித்துக்கொண்டிருப்பதை உணர்கிறார்.

1952-ன் விசாரணை அறையில் அந்த வேடத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. அதிகாரம் ஒரு பெண்ணை அசடு என்று கருத விரும்பும்போது, அந்த விருப்பமே அவளுக்குக் கேடயமாகவும் ஆகலாம். ஜூடி அந்தக் கேடயத்தைத் தன் நண்பர்களையும் மறைக்கும்படி பிடித்தார். பில்லி டான் கையெழுத்திட மறுக்கும் காட்சியை இந்தச் செய்தி தெரிந்தபின் பார்ப்பவருக்கு அது முன்பு பார்த்த காட்சியாக இருப்பதில்லை. பேனாவைத் தொடாமல் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண் நகைச்சுவைப் பாத்திரம்தான். ஆனால் அவள் செய்துகொண்டிருப்பது அன்றைய அமெரிக்காவில் துணிச்சல் தேவைப்பட்ட ஒரு செயல்.